விற்கிற வீட்டுக் கொத்தனார்

எழுபதுகளின் இறுதியில் அரியலூரில் வீடு விற்க எண்ணியவர்களில் பலர், அந்தக் கொத்தனாரை அழைத்து வந்து வீட்டைச் செப்பனிட்ட பிறகே விலை பேசினார்கள். வேறு சிலர், அவர் எந்த வாரம் வெளியூர் வேலைக்குப் போகிறார் என்று விசாரித்து அறிந்து, அந்த வாரத்துக்குள் வீட்டைக் காட்டி முடித்துக்கொண்டார்கள். நான் முதல் கூட்டத்தில் தொடங்கிப் பின்னதில் போய் விழுந்தவன்.

அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை சுண்ணாம்பு தின்ற தோல். காதிடுக்கில் ஒரு பென்சில் துண்டு. சிறுவாச்சூர்க் காளியிடம் போகும் திங்கட்கிழமை தவிர மற்ற நாள்களில் நெற்றியில் திருநீறுகூட இருக்காது. 'சுண்ணாம்புப் பூச்சுக்குள்ள அது எங்க சார் தெரியப்போவுது' என்பார். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கேட்பார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று எண்ணி வீட்டுப் பெண்கள் மோர் கலந்துகூடக் கொண்டுவருவார்கள். 'மோரு வேணாம் தாயி, வெறுந் தண்ணி' என்று வாங்கி, அதைக் கூடத்தின் நடுவில் ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று அது நிற்கும் வரை பார்ப்பார். பிறகு எழுந்து, சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே ஒவ்வோர் அறையாகப் போவார். குடும்பத்தினர் அனைவரும் அவர் பின்னால் நடக்க வேண்டும். அருச்சகர் திருநாமங்களை இடைவெளியின்றி அடுக்குவதுபோல் அவர் குறைகளை அடுக்கிக்கொண்டே போவார். 'இங்க உப்புப் பூத்திருக்கு. இந்த நெலையில கறையான். இந்த ஓடு மூணு வருசமா ஒழுவுது, நீங்க கீழ அண்டா வச்சுச் சமாளிச்சிருக்கீங்க.' அண்டா வைத்த வீட்டம்மாள் முகம் சிவந்து நிற்பாள்.

இவ்வளவும் எந்த நல்ல கொத்தனாரும் செய்யக்கூடியதுதான். அவருடைய தனிக் குணம், வாங்குபவர் வரும் அன்று தெரியும். அழைக்காமலேயே வந்து நிற்பார். செப்பனிட்ட குறை, செப்பனிட முடியாத குறை இரண்டையும் தாமே முன்வந்து சொல்லிவிடுவார்.

கடைத்தெருவில் மளிகைக்கடைக்காரர் ஒருவர் தம் வீட்டை விற்றபோது நான் உடனிருந்தேன். வாங்க வந்தவர் புதுத் தளத்தைக் காலால் தடவிப் பார்த்து, 'தரை பளிங்கு மாதிரி இருக்கே' என்று மகிழ்ந்தார். கொத்தனார் மூலையிலிருந்து குரல் கொடுத்தார்.

'அது உக்காந்துபோன தளங்க. அடியில எலி வளை. கல்லும் கண்ணாடித் தூளும் போட்டு அடைச்சிருக்கேன். என்னையக் கேக்காம எலி திரும்பி வந்தா நான் பொறுப்பில்ல.'

மளிகைக்காரர் பொறுமை இழந்தார். 'யோவ், நீ எனக்குக் கொத்தனாரா, அவருக்குக் கொத்தனாரா?'

'வூட்டுக்குக் கொத்தனாருங்க.'

'வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?'

'மாட்டுச் சந்தையில விக்கிறவன் வாயைப் பொளந்து பல்லைக் காட்டுறான்ல? வூட்டை விக்கிறவன் மட்டும் வாயை மூடிக்கணுமா?'

வந்தவர் சிரித்துவிட்டார். அந்த வீட்டை அவரே வாங்கினார். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. அவர் கைபட்ட வீடு என்றால், குறை இவ்வளவுதான், இதற்கு மேல் ஒளிந்திருப்பது எதுவுமில்லை என்ற நிச்சயம் வாங்குபவருக்குக் கிடைத்துவிடும். அவரைத் திட்டிக்கொண்டே அவரையே அழைத்தவர்கள் இதை அறிந்துதான் அழைத்தார்கள்.

எனக்கு வீடு விற்க வேண்டிய நிலை என் மகள் உமாவால் வந்தது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய வலக்காலை எடுத்துக்கொண்டது. இரும்புப் பட்டை கட்டிய காலோடு, சுவரைப் பிடித்தபடி நடப்பாள். எங்கள் வீடு தெருவிலிருந்து ஏழு படி உயரம். பெண்கள் பள்ளியோ ஊரின் மறுகோடி. ஐந்தாம் வகுப்பு வரை அருகிலிருந்த சிறு பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று கலங்கியிருந்த சமயம், ஆசிரியனான எனக்குப் பெரம்பலூர்ப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. அங்கே பெண்கள் பள்ளிக்கு அடுத்த கட்டடமாகவே ஒரு சிறு வீடு விலைக்கு இருந்தது. வாசலில் ஒரு படிகூட இல்லை. தெருவும் கூடமும் ஒரே மட்டம். அதைக் கண்டபோது, கோயிலுக்குள் நுழைந்தவனைப்போல் என்னை அறியாமல் கைகூப்பினேன். அதன் உரிமையாளர் மகனோடு சென்னைக்குப் போக இருந்தவர். 'ஸ்கூல் தெறக்கற வரைக்கும் ஒங்களுக்காக வச்சிருக்கேன் சார். அதுக்கு மேல என்னால முடியாது' என்றார். அரியலூர் வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். வேறு வழி எனக்கில்லை.

பங்குனியில் கொத்தனார் வேலையைத் தொடங்கினார். ஓடுகளை இறக்கி, உடைந்தவற்றை மாற்றினார். உப்புப் பூத்த சுவரைச் செங்கல் தெரியும்வரை கொத்திவிட்டுப் பூசினார். கிணற்றுக் கைப்பிடிச் சுவரைக் கட்டினார். கூடத்தை வெள்ளையடிக்க வந்த அன்று, சமையற்கட்டு தொடங்கி வாசல்வரை சுவரில் இரண்டரை அடி உயரத்தில் ஓடிய மங்கலான எண்ணெய்க் கோட்டைப் பார்த்து நின்றார்.

'இது என்னா தாயி, கன்னுக்குட்டி ஒரசுன மாதிரி?'

'உமா கை வச்சு நடக்கற எடங்க' என்றாள் என் மனைவி.

கொத்தனார் வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினார். பிற்பகல், அந்தக் கோடு ஓடிய இடத்துக்கு மட்டும் வச்சிரப் பசையைக் கூடுதலாகக் காய்ச்சிக் கலந்து மூன்று கை பூசினார். மறுநாள் காலை உமாவை அழைத்தார். 'கையை அழுத்தித் தேய்ச்சுக்கிட்டே வா ஆத்தா.' அவள் வாசல்வரை நடந்து வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். துளி வெள்ளை இல்லை. 'அதான்' என்று சொல்லிவிட்டு அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். வேறெந்த வீட்டிலும் அவர் அப்படி ஒரு வேலை செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி அந்த வெடிப்பு. அரியலூர்க் கரிசல் மண் கோடையில் சுருங்கி வாய் பிளக்கும். மழையில் ஊதிப் பெருத்து மூடிக்கொள்ளும். அதன்மேல் நிற்கும் சுவரும் கூடவே பிளந்து மூடும். எங்கள் பூசையறையின் வெளிச்சுவரில், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கிய வெடிப்பு, மார்பளவு உயரத்தில் விரலகலம் விரிந்து, தரைக்கருகே மயிரிழையாக முடிந்தது. கார்த்திகையில் வந்து பார்த்தால் பென்சில் கோடுபோல் இருக்கும். நானோ சித்திரையில் விற்கிறேன்.

'அடைச்சுடுங்க' என்றேன்.

'கோடையில அடைச்சா மழையில சுவரு நெருக்கும். பூச்சு பேந்து வுழும். இதுக்கு வைத்தியம் சுவத்துல இல்ல சார், மண்ணுல இருக்கு. சுவத்தை ஒட்டி இடுப்பளவு கரிசலை வெட்டி எடுத்துட்டு மருதையாத்து மணலைப் போட்டு நெரப்பணும். கூரைத் தண்ணி அங்க எறங்காம வாய்க்கா வைக்கணும். ஒரு மழை பாத்துட்டுத்தான் வெடிப்பை மூடணும். ஐப்பசி போவட்டும். வாங்குறவங்ககிட்டச் சொல்லிப்புடுவோம், நானே வந்து செஞ்சு குடுத்துடறேன்.'

முதலில் வந்தவர் விக்கிரமங்கலத்து விவசாயி ஒருவர். வீடு அவருக்குப் பிடித்திருந்தது. பூசையறையில் கொத்தனார் தம் ஆள்காட்டி விரலை வெடிப்புக்குள் விட்டுக் காட்டினார். 'விரலு போவுது பாருங்க. சித்திரையில போவும், கார்த்திகையில போவாது.'

'அப்படின்னா கார்த்திகையில வந்து பாத்துக்கறேங்க' என்று அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

என் மனைவி சமையற்கட்டு வாசலில் நின்று, கொத்தனார் காதில் விழும்படியே சொன்னாள்: 'நல்ல ஆளாப் பாத்துக் கூட்டியாந்தீங்க. வூட்டை விக்கச் சொன்னா வந்தவங்கள வெரட்டி வுடறாரு.' பிறகு உள்ளே போய் அழுதாள்.

அவரைத் தனியே அழைத்துச் சொன்னேன். 'பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இருபத்தெட்டு நாள்தான் இருக்கு. அந்தப் பெரம்பலூர் வீடு கைவிட்டுப் போனா உமா படிப்பு ஐந்தாம் வகுப்போட நின்னுடும். ஒரே ஒரு தடவை பேசாம இருக்கக் கூடாதா?'

அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். 'வாங்குறவங்களும் புள்ளகுட்டியோடதான் வருவாங்க சார். அடுத்த கோடையில அந்தச் சுவத்தைப் பாத்துட்டு நம்மள என்னா நெனப்பாங்க?' என்றார். 'உங்களை' என்று சொல்லவில்லை. அது எனக்கு மேலும் எரிச்சலூட்டியது.

அடுத்த திங்கட்கிழமை, அவர் சிறுவாச்சூருக்குப் போயிருந்த நேரத்தில், நான் அதைச் செய்தேன். என் தந்தையார் பூசித்த நடராசர் படம் மூன்றரை அடி உயரம், கனத்த தேக்குச் சட்டம். அது கிழக்குச் சுவரில் இருந்தது. அதை இறக்கி, வெடிப்பின்மேல் புது ஆணி அடித்து மாட்டினேன். படத்துக்குக் கீழே தெரிந்த மெல்லிய பிளவில் சுண்ணாம்பைக் குழைத்து அப்பினேன். வெளிப்புறத்தில் அந்தச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த விறகை, வெடிப்பு மறையும்படி மேலும் நான்கு வரிசை உயர்த்தினேன். குளித்து, விளக்கேற்றி, படத்துக்குச் செம்பருத்தி சாத்தி, நாள்தோறும் ஓதும் பதிகத்தை ஓதினேன். நெஞ்சில் கரவில்லாதவர்க்கு வெளிப்படுபவன் என்று அவனைத் துதிக்கும் பதிகம். என் குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இன்று நினைத்தால் அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

மறுநாள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஓர் அம்மையார் தம் அண்ணனோடு வந்தார். கணவர் துபாயில். பிள்ளைகளை அரியலூரில் வைத்துப் படிக்கவைக்க வீடு தேடிக்கொண்டிருந்தார். கொத்தனாரும் வழக்கம்போல் வந்து சேர்ந்தார். எலி, கறையான், சித்திரையில் வற்றும் கிணறு என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அம்மையார் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் 'சரி, சரி' என்று தலையசைத்தார்.

பூசையறை வாசலுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். 'சாமி ரூமா? நான் உள்ள வரலாமா சார்?'

'தாராளமா வாங்க' என்றேன்.

'இல்ல, இருக்கட்டும். இங்கேருந்தே தெரியுதே.' வாசற்படிக்கு வெளியே நின்று, ஒரு காலைக்கூட உள்ளே வைக்காமல், எட்டிப் பார்த்தார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார். 'எங்க மாமா வூட்டுக்கு நீங்கதான் வேலை செஞ்சீங்களாம். ஒங்க வாயால கேட்டுட்டுத்தான் வாங்கணும்னு சொல்லி வுட்டிருக்காரு. எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா கொத்தனாரே?'

கொத்தனார் படத்தைப் பார்த்தார். முன்பு அது அந்த இடத்தில் இருந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். கூடத்தில் உமா தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்த ஆறாம் வகுப்புப் புத்தகங்களுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். இரும்புப் பட்டையைக் கழற்றி அருகில் வைத்திருந்தாள். அவர் பார்வை அவள்மேல் போய் நின்றது.

'மத்ததெல்லாம் சொல்லிட்டேங்கம்மா' என்றார். உடனே கிணற்றடிக்குப் போய், ஒரு வாளித் தண்ணீர் இறைத்து, அழுக்கில்லாத கைகளை நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

பள்ளி திறக்குமுன் அந்த அம்மையார் பெயரில் பத்திரப்பதிவு ஆயிற்று. பெரம்பலூர் வீடும் எங்களுடையதாயிற்று. வீட்டை ஒப்படைக்கும் நாளில், சாமான்களை எல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகு, கடைசியாக அந்தப் படத்தை இறக்கினேன். திரும்பினால் கொத்தனார் நிற்கிறார். வெடிப்பு முன்னைவிட விரிந்திருந்தது. அவர் ஆணியைத்தான் பார்த்தார்.

'இந்த ஆணி நான் அடிச்சதில்ல சார்.'

'இல்லை.'

'ஒங்க சாமியைப் போயி இந்த வேலைக்கு வச்சுட்டீங்களே.'

சினந்து சொல்லவில்லை. தரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்துத் தளம் இந்தப் பக்கம் சாய்கிறது என்பாரே, அந்தக் குரல்தான். ஒரு பழிச்சொல்லாக இருந்திருந்தால் நான் அதைத் தாங்கியிருப்பேன்.

'அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடட்டுமா?' என்றேன்.

'சொல்லி? அந்த வூட்டையும் வாங்கியாச்சு, இந்த வூட்டையும் குடுத்தாச்சு. போங்க சார், பஸ்ஸைப் புடிங்க. புள்ள வெயில்ல நிக்குது.'

உமாவை அவரே தூக்கி அந்த ஏழு படிகளையும் இறங்கினார். அதன்பிறகு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நான் அரியலூர் மண்ணை மிதிக்கவில்லை. முப்பது கிலோமீட்டர் தூரத்து ஊர்தான். ஒவ்வொரு விசேடத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து மனைவியை மட்டும் அனுப்பினேன்.

உமா பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஆண்டு, பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில், 'சார்! சார்!' என்று ஒரு குரல் கேட்டது. அந்த அம்மையார். ஒரு கையில் பெரிய பிள்ளை, மறு கையில் கைக்குழந்தை. விலகிப் போக வழியில்லை.

'எப்படி இருக்கீங்க சார்? ஒங்களுக்கு நான் துஆ கேக்காத நாள் இல்ல. நீங்க மட்டும் கொத்தனார்ட்ட சொல்லிட்டுப் போவலைன்னா அந்தச் சுவரு இந்நேரம் எங்க தலையில வுழுந்திருக்கும்.'

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். சாவி வாங்கிய மறுநாள் காலை அவர்கள் வந்தபோது, விறகை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கொத்தனார் இடுப்பளவு பள்ளத்தில் நின்று மண் வெட்டிக்கொண்டிருந்தாராம். என்ன இது என்று கேட்டதற்கு, 'இந்தச் சுவத்துல வெடிப்பு இருக்குங்க. சாரு அன்னிக்கே ஒங்ககிட்டச் சொல்ல நெனச்சு, புள்ளைய இட்டுக்கிட்டுப் போற அவசரத்துல வுட்டுட்டாராம். சரிபண்ணிக் குடுக்கச் சொல்லி என்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போனாரு' என்றாராம். பதினோரு நாள் வேலை. ஐப்பசி மழைக்குப் பின் வந்து வெடிப்பை மூடியிருக்கிறார். கூலியை நீட்டியபோது, சார் கொடுத்துவிட்டார் என்று கையை இழுத்துக்கொண்டிருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறாராம்.

பொய்யான நன்றியை வாங்கிக்கொண்டு இன்னும் ஐந்து ஆண்டுகள் ஒளிந்திருக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

'அம்மா, நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கூலியும் கொடுக்கவில்லை. வெடிப்பு உங்களுக்குத் தெரியக்கூடாது என்று சாமி படத்தை அதன்மேல் மாட்டியவன் நான்.'

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. கையிலிருந்த பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

'தெரியும் சார்.'

'எப்போதிருந்து?'

'படத்தைப் பாத்துட்டு மத்ததெல்லாம்னு கொத்தனாரு சொன்னப்பவே, அதைக் கொஞ்சம் நவுத்துங்கன்னு கேக்கலாம்னுதான் இருந்தேன். ஒங்க சாமியாச்சே, கேட்டா நல்லாருக்காதுன்னு வுட்டுட்டேன். அப்பறம் அந்த மனுசன் பள்ளத்துல நின்னுக்கிட்டு ஒங்களப் பத்திச் சொன்னாரு பாருங்க, என் மூஞ்சியப் பாக்கல. மம்புட்டியப் பாத்துக்கிட்டே சொன்னாரு. காதெல்லாம் செவந்துபோச்சு. எலி வளையைக்கூட என் கண்ணைப் பாத்துச் சொன்ன ஆளு.' அவர் சிரித்தார். 'பொய் சொல்லத் தெரியாத மனுசன் ஒங்களுக்காக ஒண்ணு சொல்றாரு. அதை ஏன் கெடுப்பானேன்னு, நம்புன மாதிரியே நின்னுட்டேன்.'

அவருடைய பேருந்து வந்தது. பிள்ளைகளை ஏற்றிவிட்டு, சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, 'பாப்பா நல்லா படிக்குதா சார்?' என்றார். 'படிக்கிறாள். தானே நடந்து போய்த் தானே வருகிறாள்' என்றேன். 'அல்லா காப்பாத்துவான்' என்றார்.

அந்த வாரமே அரியலூருக்குப் போனேன். இரயிலடிப் பக்கம் விற்பனைக்கு நின்ற ஒரு வீட்டுக் கூரையின்மேல் இருந்தார். நரை கூடியிருந்தது. என்னைக் கண்டதும் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்துவிட்டு, 'வாங்க சார், புள்ள எப்படி இருக்கு?' என்றார். பதில் சொன்னேன். பிறகு, பேருந்தில் வரும் வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த சொற்களில் ஒன்றும் வராமல், 'அந்த வெடிப்பை நீங்கள் மூடியதாகக் கேள்விப்பட்டேன்' என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்காமல் ஓடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

'எந்த வெடிப்பு சார்?' என்றார்.

கீழே நின்றபடியே அவர் காதுகள் சிவப்பதைப் பார்த்தேன்.